சேணம் பூட்டாத கழுதை



அரசனுடைய பந்தியில் நாள்தோறும் அமர்ந்து உண்ணும் உரிமை பெற்ற ஒருவன், ஏறிச்செல்ல ஒரு கழுதை கிடைக்காத காரணத்தால் நன்றி கெட்டவன் என்று பெயரெடுத்தான். இந்தச் சரித்திரம் நமது வேதாகமத்திலேயே, சாமுவேல் இரண்டாம் நூலில் இருக்கிறது. பூசை வாசகங்களில் நாம் அதை அதிகம் கேட்பதில்லை. ஆகவே இந்த வாரம் அதைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

மெபிபொசேத்து என்பது அவன் பெயர். சவுல் அரசனின் பேரன். தாவீதின் உயிர்த்தோழனான யோனத்தானின் மகன். அவனுக்கு ஐந்து வயதாயிருந்தபோது, பாட்டனும் தகப்பனும் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்தது. வளர்ப்புத்தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய வேகத்தில் பிள்ளை கைதவறி விழுந்தது. அன்றோடு அதன் இரு கால்களும் முடமாயின. அவளைக் குறைசொல்ல நமக்கு மனம் வருமா? யுத்தத்துக்கும் கடற்கோளுக்கும் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார் வாழும் மண் இது.

ஆண்டுகள் கழிந்தன. தாவீது அரசனானான். யோனத்தானை நினைத்து, அவன் குடும்பத்தில் யாரேனும் மீந்திருக்கிறார்களா என்று விசாரித்தான். சீபா என்ற பணியாள், ஒரு மகன் இருக்கிறான், அவன் கால் ஊனமுற்றவன், லோதெபாரில் வேறொருவர் வீட்டில் தங்கியிருக்கிறான் என்று அறிவித்தான். அரசன் என்ன செய்தான்? அவன் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி இருந்துவிடவில்லை. ஆள் அனுப்பி அவனை அழைப்பித்தான். பாட்டனாரின் நிலபுலம் முழுவதையும் திரும்பக் கொடுத்தான். தன் பிள்ளைகளோடு தன் பந்தியில் எந்நாளும் உண்ணும்படி கட்டளையிட்டான். அந்த அதிகாரம் முடியும்போது வேதம் ஒன்றை மறவாமல் குறிப்பிடுகிறது: அவனுடைய இரு கால்களும் அப்போதும் முடமாகவே இருந்தன. சுகமானபின் வா என்று தாவீது சொல்லவில்லை. முடமான கால்களோடே அவனை மேசைக்கு அழைத்தான்.

இதுவரை சரித்திரம் இனிமையாகத்தான் இருக்கிறது. துயரமான பகுதி பின்னால் வருகிறது. அப்சலோம் தகப்பனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது தாவீது யெருசலேமை விட்டுக் கால்நடையாக ஓடவேண்டியதாயிற்று. வழியில் சீபா அரசனை எதிர்கொண்டான். சேணம் பூட்டிய கழுதைகள் இரண்டு அவனிடம் இருந்தன. அவற்றின் முதுகில் இருநூறு அப்பங்களும் பழங்களும் இரசமும் இருந்தன. உன் எசமான் எங்கே என்று அரசன் கேட்டான். அவன் யெருசலேமிலேயே இருந்துவிட்டான், ஆட்சி தனக்கு வரும் என்று காத்திருக்கிறான் என்று சீபா கோள் சொன்னான். அரசனும் அதை நம்பிவிட்டான்.

போர் முடிந்து அரசன் திரும்பி வந்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. மெபிபொசேத்து அழுக்குத் துணியோடும், பேணாத தாடியோடும், கழுவாத கால்களோடும் வந்து நின்றான். அரசன் போன நாள் முதல் அவன் துக்கம் காத்திருக்கிறான். ஏன் என்னோடு வரவில்லை என்று அரசன் கேட்டபோது அவன் சொன்ன பதிலின் கருத்து இதுதான்: நான் முடவன், கழுதைக்குச் சேணம் பூட்டி ஏறி வர நினைத்தேன், என் பணியாள் என்னை ஏமாற்றிவிட்டான்.

சிந்தியுங்கள், அன்பர்களே. கழுதைகள் இருந்தன. சேணமும் இருந்தது. அப்பம் ஏற்ற இடமிருந்தது. நடக்க முடியாத அந்த ஒருவனுக்கு மட்டும் இடமிருக்கவில்லை. அதுமட்டுமன்று, அவன் வராததற்கு அவனுடைய மனமே காரணம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

மேசையில் இடம் உண்டு

நமது நாட்டிலும் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி விரிக்கப்பட்டிருக்கிறது. 1945 ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்த ஒருவருக்கு அந்தக் காரணத்தைக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கலாகாது என்கிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 ஆம் ஆண்டு உறுதிசெய்து ஏற்றுக்கொண்டது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் உரிமையை அது கூறுகிறது. போக்குவரத்து எல்லோருக்கும் எட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. அதே 2016 இல் கட்டாயக் கல்வியின் வயதெல்லையும் பதினாறாக உயர்த்தப்பட்டது. இந்தச் சட்டங்கள் எதுவும் 'நடக்கக்கூடிய பிள்ளைக்கு மட்டும்' என்று சொல்லவில்லை.

ஆக, மேசையில் இடம் உண்டு. இனி நாம் கேட்கவேண்டியது கழுதையைப் பற்றித்தான்.

அக்கரைப்பற்று முதல் கல்முனை வரையுள்ள நமது கடற்கரை வீதியைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊருக்கு ஊர் வெள்ளைச் சீருடைகள். பஸ், வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், சைக்கிள் என்று வாகனங்களுக்குக் குறைவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று 2005 ஆம் ஆண்டு 'சிசு செரிய' பஸ் சேவையும் நாட்டில் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் உயரமான படியில் கால் வைக்க முடியாத பிள்ளைக்கும், ஹோர்ன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைக்கும், நெரிசலில் நிலைகுலைந்து விழும் பிள்ளைக்கும் அந்த பஸ் கண்ணுக்கு முன்னால் நின்றாலும் தூரத்தில்தான் நிற்கிறது. விசேட கல்வி அலகு எல்லாப் பாடசாலையிலும் இல்லாதபடியால், மற்றப் பிள்ளைகள் நடந்து போகும் இடத்தில் இந்தப் பிள்ளை மைல் கணக்காகப் போகவேண்டியும் இருக்கிறது. குறைவாக நடக்கக்கூடிய பிள்ளைக்கே அதிக தூரம் விதிக்கப்படுகிறது.

இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் தாயின் இடுப்பில்தான். பிள்ளைக்கு ஐந்து வயதில் அவள் தூக்கிக்கொண்டு போகிறாள். ஏழு வயதிலும் தூக்குகிறாள். ஒன்பது வயதில் நாரி வலிக்கிறது. பத்து வயதில் முடியாமற் போகிறது. பிள்ளையின் படிப்பு நின்றது அறிவு போதாமையால் அல்ல. தாயின் நாரி தாங்காமையால். பெண்பிள்ளையாக இருந்தால், வளர வளர இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. தெரியாத ஓட்டோவில் எப்படித் தனியே அனுப்புவது?

இதற்கிடையில் வரவுப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே வராத நாட்களே நிறைந்திருக்கும். "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! மெபிபொசேத்தைப் பற்றிச் சீபா சொன்னதும் இதே வகைச் சாட்சியம்தான். ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, அயலவர்களே, வராத பிள்ளையைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அது எதில் ஏறி வரமுடியும் என்று ஒருமுறை கேளுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சில வீடுகளில் இத்தகைய பிள்ளை பின்னறையிலேயே வளர்கிறது. அக்காவின் கலியாணப் பேச்சு கெட்டுவிடுமே என்ற பயம்; ஊர்வாய்க்குப் பயம். 1287 ஆம் ஆண்டு இத்தாலியில் பார்வையற்றவளாக, முடமாக ஒரு பெண்குழந்தை பிறந்தது. பிரபு குடும்பம், வெட்கத்தால் அவளை மறைத்தே வளர்த்தார்கள். பின்பு சித்தா தி கஸ்தேல்லோ நகருக்கு, ஒரு புனிதரின் கல்லறைக்குப் புதுமை வேண்டிக் கொண்டுபோனார்கள். சுகம் கிடைக்கவில்லை, அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். அந்த ஊர் ஏழைகள்தான் வீட்டுக்கு வீடு அவளை ஏற்று வளர்த்தார்கள். அவள் தோமினிக்கன் சபையின் மூன்றாம் பிரிவில் சேர்ந்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போதித்தாள் என்று வரலாறு கூறுகிறது. 2021 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவளைப் புனிதையாக அறிவித்தார். அவளே புனித மார்கரீத்தா. பெற்றோர் மறைத்துவைத்த பிள்ளையைத் திருச்சபை இன்று பீடத்தில் வைத்து வணங்குகிறது.

நான்கு பேர்

நற்செய்தியாளர் மாற்கு சொல்லும் கப்பர்நாகும் நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரிந்ததே. திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். வாசலில் கூட்டம், உள்ளே நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை யேசுவின் முன் இறக்கினார்கள். ஆண்டவர் யாருடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார்? 'அவர்களுடைய' விசுவாசத்தை. சுமந்து வந்தவர்களின் விசுவாசம் சுமக்கப்பட்டவனுக்கு அருளாயிற்று.

ஒருவர் மட்டும் சுமந்திருந்தால் பாதிவழியில் களைத்திருப்பார். இருவர் சுமந்திருந்தால் படுக்கை தொய்ந்திருக்கும். நான்கு மூலைக்கு நான்கு பேர் இருந்தபடியால் அவன் வந்து சேர்ந்தான். இன்று ஒரு மூலையைத் தாய் தனியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மற்ற மூன்று மூலைகள் யாருடையவை? ஒன்று தகப்பனுடையது. ஒன்று பாடசாலையுடையது. ஒன்று, அன்பர்களே, நம்முடையது: பங்கினுடையது, அயலினுடையது.

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். ஆயித்தியமலை மாதாவின் திருவிழாவுக்கு நாம் போவதில்லையா? மடுவுக்குப் போவதில்லையா? யார் யார் வருகிறார்கள், எத்தனை இருக்கை, எவ்வளவு கட்டணம், காலையில் யாரை முதலில் ஏற்றுவது, கிழவிக்கு முன் இருக்கை, கைக்குழந்தைக்காரிக்குச் சன்னலோரம் என்று எவ்வளவு அழகாக ஒழுங்கு செய்கிறோம்! மாதாவிடம் போக வான் பிடிக்கத் தெரிந்த நமக்கு, மாதாவின் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வான் பிடிக்கத் தெரியாதா?

யாத்திரை என்றவுடன் இன்னொரு செய்தி. பிரான்ஸ் நாட்டில் மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் இருவருடைய பெற்றோர், மற்றவர்களோடு சேர்ந்து லூர்து யாத்திரை போக விரும்பியபோது, பிள்ளைகளின் நிலையைக் காட்டி அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். அந்தப் புண்ணிலிருந்து ஒரு முயற்சி பிறந்தது. 1971 ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இத்தகைய பிள்ளைகளும் குடும்பத்தினரும் நண்பர்களுமாக ஏறக்குறைய 12,000 பேர் லூர்து நகரில் கூடினார்கள். 'விசுவாசமும் ஒளியும்' என்னும் இயக்கம் அப்படித்தான் தொடங்கி உலகெங்கும் பரவியது. ஒரு குடும்பத்தை வண்டியில் ஏற்ற மறுத்த இடத்தில், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பயணம் போனார்கள்.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய பிள்ளைகளின் கல்வியோடு சேர்ந்த சேவைகளில் ஒன்றாகப் போக்குவரத்தையும் வைத்தது. இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மைல், அதற்கு மேற்பட்ட வயதினர்க்கு மூன்று மைல் என்று நடக்கும் தூரத்தை வகுத்திருக்கிறார்கள். ஆனால் ஊனத்தாலோ விசேட தேவையாலோ நடக்க முடியாத பிள்ளைக்கு அந்தக் கணக்கைப் பாராமல் உள்ளூராட்சி சபை இலவசப் பயணம் ஒழுங்கு செய்யவேண்டும். இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக்கு மட்டுமன்றி, அதிக உதவி தேவைப்படும் பிள்ளையோடு செல்லும் உதவியாளருக்கும் போக்குவரத்து வசதி கொடுக்கச் சொல்கிறது. இவை தருமம் அல்ல. கல்வியின் ஒரு பகுதி. புத்தகத்தைக் கொடுப்பது போலவே வண்டியையும் கொடுக்கவேண்டும் என்பதே இவற்றின் கருத்து. நாமும் இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்படித் தொடங்குவது?

பிரசங்கம் கேட்டு நெஞ்சு உருகினால் மட்டும் போதாது. ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன், வெட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கெடுங்கள். உங்கள் ஊரில், பக்கத்து ஊரில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடசாலைக்கு, எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வின்சென்ட் தே போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திக்கிறவர்களன்றோ? அவர்களுக்கு இது பெரிய வேலையல்ல. அந்தத் தாளோடு பெற்றோர் எல்லோரும் சேர்ந்து அதிபரிடமும், வலயக் கல்விப் பணிமனைக்கும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் செல்லுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி இட்டு வாங்குங்கள். ஒரு தாய் போனால் அது ஒரு கண்ணீர்க் கதை. எட்டுத் தாய்மார் ஒரு பட்டியலோடு போனால் அது ஒரு திட்டம்.

இரண்டாவது, வாகனமும் சாரதியும். முகம் மாறாத சாரதியைத் தேடுங்கள். பல பிள்ளைகளுக்கு அதே ஆள், அதே இருக்கை, அதே வழி என்பதே அமைதி. அதை மாற்றினால் அன்றைய நாளே குழம்பிவிடும். மாற்றம் அவசியமானால் முதல்நாளே பிள்ளைக்குச் சொல்லுங்கள். புதிய சாரதியை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். நீண்ட நேரம் அமர்ந்திருக்க முடியாத பிள்ளையைக் கடைசியில் ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள். சக்கர நாற்காலியை வாகனத்தில் அசையாமல் கட்டுங்கள். பிள்ளைக்கு வேறாகப் பட்டி போடுங்கள். ஓட்டோவில் மடிக்கு மேல் மடியாகப் பிள்ளைகளை அடைப்பதை ஒருபோதும் சம்மதியாதீர்கள்.

மூன்றாவது, கூடச்செல்லும் ஒருவர். சாரதி வீதியைப் பார்க்கவேண்டும். பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். பெண்பிள்ளைகள் போகும் வாகனத்தில் அவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும். பெற்றோர் முறைபோட்டுச் செல்லலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்வந்தால் அது பெரும் புண்ணியம். பிள்ளையை இன்னாரிடம்தான் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்து, வேறு யார் வந்து கேட்டாலும் கொடாதிருங்கள். வாகனத்தைப் பூட்டுமுன் ஒவ்வோர் இருக்கையையும் பார்க்கவேண்டும். பேச முடியாத பிள்ளை தூங்கிவிட்டால், நான் இருக்கிறேன் என்று அது சொல்லாது.

நான்காவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு கொப்பி. பிள்ளையின் பெயர், பெற்றோரின் தொலைபேசி, மருந்து, பயப்படும் காரியம், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிச் சைகை காட்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வலிப்பு வரும் பிள்ளையானால், வாகனத்தை ஓரமாக நிறுத்தி, பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. கையில் இரும்பைக் கொடுக்கும் நமது பழைய வழக்கத்தால் பயன் ஒன்றுமில்லை.

ஐந்தாவது, மழைக்காலம். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு, பிள்ளைகள் மாண்டதை நாம் மறக்கவில்லை. அது நமது துக்கமும்கூட. தண்ணீர் வீதியைக் கடக்கும் நாளில் வாகனம் போகாது என்பதை மழைக்கு முன்பே பெற்றோரும் சாரதியும் பேசி முடிவு செய்யுங்கள். நீந்தவோ ஓடவோ முடியாத பிள்ளைக்கு இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். செலவை எல்லோர்க்கும் சமமாகப் பங்கிட்டால் ஏழைக் குடும்பம் இரண்டாம் மாதமே விலகிவிடும். முடிந்தவர் கூடக் கொடுக்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளரோடு இருக்கட்டும். நல்ல சமாரியன் காயப்பட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றியதோடு நின்றானா? சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்தான். இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். தவக்காலத்தில் ஒறுத்துச் சேர்க்கும் காணிக்கையில் ஒரு பங்கு, ஒரு பிள்ளையின் பயணச் செலவாக முடியட்டும்.

அக்கரையும் அக்கறையும்

அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே. நமது பிள்ளைகளை மட்டும் கொண்டு ஒரு வான் நிரம்பாது. அது நல்லதே. நிரம்பவேண்டுமானால் சைவக் குடும்பத்தின் பிள்ளையும் இஸ்லாமியக் குடும்பத்தின் பிள்ளையும் ஏறவேண்டும். விசேட தேவையுடைய பிள்ளை எல்லா வீடுகளிலும் பிறக்கிறது. தாயின் நாரிவலிக்கு மதமில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி வந்து இந்த அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனபோது, யார் பிள்ளை என்று பார்த்தா தூக்கினோம்?

சேர்ந்து நடத்தினால் சிறு காரியங்களையும் கவனியுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் காலத்தில் விடுமுறை வரும்; தமிழ்ப் பாடசாலைகளின் விடுமுறை வேறு நாட்களில் வரும். இரண்டு அட்டவணைகளையும் ஆண்டின் தொடக்கத்திலேயே பக்கத்தில் பக்கமாக வைத்து எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விடுமுறைக் காலத்தில் கட்டணம் யார் கொடுப்பது என்ற வாக்குவாதத்தில் நல்ல முயற்சி உடைந்துபோகும். நல்ல காரியங்கள் பெரும்பாலும் சின்னக் கணக்கில்தான் சிதறுகின்றன.

இந்த ஊரின் பெயரில் 'அக்கரை' இருக்கிறது, 'பற்று'ம் இருக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினால் 'அக்கறை'யும் ஆகும். நமது ஆண்டவரும் சீடரை அக்கரைக்கு அழைத்துச் சென்றவர்தாம். அங்கே கல்லறைகளின் நடுவில் எல்லோரும் ஒதுக்கிவைத்த ஒருவன் அவருக்காகக் காத்திருந்தான். புயலையும் பாராமல் அந்த ஒருவனிடம் அவர் படகில் போனார்.

அன்பர்களே, இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் எழுந்து நடப்பார்கள் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மெபிபொசேத்தும் கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் அவன் பந்தியில் இருந்தான். மற்றவர்களுக்கு நடுவில், அரசனின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்தான். நமது பிள்ளைகளும் அப்படியே வகுப்பறையில் இருக்கவேண்டும்: ஓர் எழுத்துக் கற்றாலும், ஒரு சிநேகிதன் கிடைத்தாலும், தன் பெயரை ஒருவர் கூப்பிடக் கேட்டாலும் அது பெரிது. அவர்கள் வராவிட்டால் குறைவது அவர்கள் மட்டுமல்ல. அந்தப் பந்தியும் குறைவுபட்டதே.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குப் புறப்படுமுன், உங்கள் தெருவில் பாடசாலைக்குப் போகாத பிள்ளை எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பெயர் தெரிந்தால் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள். அறிவுரை சொல்லப் போகவேண்டாம்; பிள்ளை எப்படிப் பயணம் செய்யக்கூடும் என்று கேட்கப் போங்கள்.

இரக்கமுள்ள பிதாவே, உமது பந்தியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் வைத்திருக்கிறீர். வழியில் நிற்கும் பிள்ளைகளைக் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். சுமந்து களைத்த தாய்மாருக்குத் தோள்கொடுக்க எங்களை அனுப்பும். அவர்களைக் கொண்டுசெல்லும் சாரதிகளையும் வண்டிகளையும் மழையிலும் வெயிலிலும் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய யேசு கிறிஸ்து வழியாக. ஆமென்.